வேனின் பின்கண்ணாடி

ஜொகூர் மாநிலத்துச் சாஆ பட்டணத்தில், பெரிய சடக்கு எனப்படும் முதன்மைச் சாலையில், டயர் கடைக்கும் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு தையற்கடைக்கும் இடையில், கார்க் கண்ணாடிகளுக்கு வெயில் தடுக்கும் பிலிம் ஒட்டும் அந்த டின்டட் கடை, ஒரே ஒரு காரை அளந்து வைத்துக் கட்டியது போன்றது. கார் உள்ளே நுழைந்துவிட்டால் அதைச் சுற்றி ஓர் ஆள் நின்று கையை நீட்டி வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒரு சாண் இடம் கிடையாது. ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ருக்னுதீன் பாய் தமது வெள்ளை வேனைப் பிறர் வீட்டு அடுக்களைக்குள் நுழைபவரைப் போல அத்தனை பணிவாக அங்குலம் அங்குலமாகச் செலுத்தியும், அதன் பின்பகுதி இரும்புக் கதவைத் தாண்டி நான்கடி வெளியே நீட்டிக்கொண்டுதான் நின்றது.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடைக்காரர் ரூபேந்திரன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"பாம்பு வாத்த முழுங்குன மாதிரி இருக்கு பாய். வாலு இன்னும் வெளிய நிக்கிது."

"முழுங்குனத அஞ்சு மணிக்குள்ள கக்கிரணும்," என்றார் பாய். "நாளைக்கு ஒம்போது மணிக்கு வண்டி ஓடணும்லா."

ரூபேந்திரனின் மனைவி யோகேஸ்வரி இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவர் ஏணியில் ஏறி நின்று, வேனின் வெளியே நீண்டிருந்த பகுதிக்கு மேலே ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடையில் வாயால் விற்பவர் ரூபேந்திரன். கையால் ஒட்டுபவர் யோகேஸ்வரி. திருமணத்துக்கு முன் ஜொகூர் பாருவில் மின்னணுச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையில், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு அணிந்து, தூசியே நுழையக்கூடாத அறையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல்துகள் சிக்கினாலும் அவருக்கு அன்றிரவு உணவு இறங்காது என்று ரூபேந்திரன் வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். அதில் மிகை அதிகம் இல்லை.

ரூபேந்திரன் முன்பு செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. அன்றுமுதல் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் குளுவாங்கில் உள்ள ஒரு நிலையத்தில் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. சாஆவிலிருந்து அவரோடு இன்னும் மூன்று பேர் போகிறார்கள். அவர்கள் நால்வரையும் ஏற்றிச்சென்று திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவர் ருக்னுதீன் பாய். தமது உணவுக்கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு, கடைத்தெரு வணிகர்கள் சிலர் சேர்ந்து வாங்கிய அந்தப் பழைய வேனைத் தாமே ஓட்டுகிறார். மற்ற மூன்று நாட்களில் அதே வேன் வேறு நால்வரோடு போகிறது. ஆதலால் அதற்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

மூன்று ஆண்டுகளில் வேன் ஒரு நாளும் தவறியதில்லை. பெருநாள் காலையில்கூட, தொழுகை முடிந்த கையோடு, புதுச் சட்டையும் அத்தர் மணமுமாகப் பாய் வந்து நின்றார். அதற்கு எவ்விதம் நன்றி சொல்வது என்று யோகேஸ்வரிக்குத் தெரியவில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தால், பெருநாளைக்கு அதைவிடப் பெரிய வாளியில் ரெண்டாங் கறி வந்துவிடும். வாயால் சொல்ல முயன்றாலோ, பாய் உடனே வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பிய ரூபேந்திரன், வெயில் என்றார். குளுவாங்கிலிருந்து திரும்பும் வழியில், பாலோ பக்கம் வளைவுகளில் மாலை வெயில் இடப்பக்கக் கண்ணாடி வழியாக நேரே முகத்தில் அடிக்கிறதாம். உடம்பிலிருந்து இரண்டு கிலோ நீரை எடுத்துவிட்ட களைப்பில் கண்ணை மூடலாமே தவிர, ஒருவராலும் தூங்க முடிவதில்லையாம். கூட வரும் ராஜம்மா அக்காவுக்குத் தோல் அரித்துக் கழுத்தெல்லாம் சிவந்துபோகிறதாம். யோகேஸ்வரி அன்றே முடிவு செய்தார். கடையில் உள்ளதிலேயே உயர்ந்த செராமிக் பிலிமை வேன் முழுவதும் தாமே ஒட்டிக் கொடுப்பது என்று.

பாய் மறுத்தார். காசு கொடுக்கும் காருக்கு ஒட்டும்படி சொன்னார். கறுப்புக் கண்ணாடி போட்டால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே பிடிக்கும் என்றார். நோயாளிகளை இருட்டுக்குள் உட்கார வைக்க மனமில்லை என்றும் சொன்னார். இந்த மூன்றாவது காரணம்தான் உண்மையானது என்பது ரூபேந்திரனுக்குப் புரிந்தது. அவர் மேசைமேல் இருந்த சோதனைப் பெட்டியைத் திறந்தார். ஒரு பக்கம் வெப்பவிளக்கு, மறுபக்கம் கைவைக்க இடம், நடுவில் கண்ணாடியை மாற்றி மாற்றிச் செருகலாம்.

முதலில் வெறுங்கண்ணாடி. பாய் பத்து விநாடியில் கையை இழுத்துக்கொண்டார். அடுத்து, பார்வைக்குக் கறுத்திருந்த மலிவான பிலிம். அதற்கும் இழுத்தார், சற்றுத் தாமதமாக. மூன்றாவதாக, ஏறக்குறைய வெறுங்கண்ணாடி போலவே வெளுத்திருந்த செராமிக். பாய் கையை வைத்தார், வைத்தபடியே இருந்தார்.

"பெட்டிய அடைச்சிட்டியா?"

"வெளக்கு எரியிது பாய், குனிஞ்சி பாருங்க. கறுப்பா இருந்தாத்தான் குளிரும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. நெறம் வேற, சூடு வேற. இது வெளிச்சத்த உள்ள விட்ரும், சூட்ட வெளிய நிறுத்திரும்."

"எங்க மாமியா மாதிரி," என்றார் பாய். "சிரிச்சிக்கிட்டே நிறுத்திருவாங்க."

இப்படியாகத்தான் அவர் சம்மதித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கே, டயர் கடையின் காற்றழுத்த இயந்திரம் ஓடத் தொடங்குமுன், யோகேஸ்வரி தரை முழுவதையும் நீர் தெளித்து நனைத்தார். தூசி எழும்பாமல் இருக்க அவர் எப்போதும் செய்வது அது. தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டார். குழந்தைகளின் ஷாம்பூவைச் சில சொட்டு கலந்த நீரைத் தெளிப்பானில் நிரப்பிக்கொண்டு, பக்கவாட்டுக் கண்ணாடிகளிலிருந்து தொடங்கினார். கண்ணாடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நீர் தெளித்து, பிலிமின் முதுகில் இருக்கும் மெல்லிய தாளை உரித்து, வழுக்கும் கண்ணாடிமேல் அதைப் படியவிட்டு, ரப்பர்ப் பலகையால் நடுவிலிருந்து விளிம்புக்கு நீரை வழித்துத் தள்ள வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சிறு கீச்சொலி எழும். ரூபேந்திரன் அந்த ஒலியைக் கேட்டே வேலை எங்கே நடக்கிறது, எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

நண்பகலுக்குள் பின்கண்ணாடி தவிர எல்லாம் முடிந்தது. கணவனும் மனைவியும் கடைக்குள்ளேயே சாப்பிட்டார்கள். யோகேஸ்வரிக்குச் சோறும் நெத்திலிச் சம்பலும் கங்கோங் கீரையும். ரூபேந்திரனுக்குச் சோறும், இருமுறை வேகவைத்து நீரை வடித்த காயும். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு முழு நாட்கள் இடைவெளி என்பதால் ஞாயிறுதான் அவருக்குக் கடினமான நாள். அன்று காலையே பாதங்கள் வீங்கிச் செருப்பின் வார் பதிந்திருந்தது. தாகத்துக்கு ஒரு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டார்.

"பின்னாடிக் கண்ணாடிய மூணு துண்டா வெட்டி ஒட்டிரு யோகேஸ். செராமிக்கு சுருங்காது, மல்லுக்கட்டும். வானமும் சரியில்ல."

"ஜெயபாலன் மாதிரியா?" என்றார் யோகேஸ்வரி. அவ்வளவுதான் சொன்னார்.

ஜெயபாலன் சிகாமட்டில் இதே தொழில் செய்பவர். வளைந்த பின்கண்ணாடிக்கு பிலிமை மூன்று பட்டைகளாக வெட்டி, கண்ணாடியில் ஓடும் சூடேற்றும் கம்பிக் கோடுகளின்மேல் இணைப்பு வருமாறு ஒட்டுவார். அது விரைவான முறை; ஆபத்தும் குறைவு. யோகேஸ்வரி ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை. எந்தக் காராயினும் ஒரே துண்டு. பிலிமைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் விரித்து, விளிம்பில் எழும் மடிப்புகளை ஹீட் கன்னின் அனல்காற்றால் மெல்ல மெல்லச் சுருக்கி, கண்ணாடியின் வளைவை பிலிமுக்குக் கற்றுக்கொடுத்த பிறகே அதை எடுத்து உள்ளே ஒட்டுவார். கூலிக்கு ஒட்டும் கார்களுக்கே அப்படியென்றால், நன்றிக்கு ஒட்டும் வேனுக்குத் துண்டு போடலாமா? அவர் மனத்தில் இருந்தது இதுதான். இதை வெளியே சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. இரண்டேகாலுக்கு முதல் தூறல் தார்ப்பாயில் விழுந்தது. மூன்று மடிப்புகள் சுருங்கிவிட்டன. மேல்மூலையில் ஒன்று மட்டும் அடங்க மறுத்தது. யோகேஸ்வரி ஹீட் கன்னைச் சற்று நெருக்கிப் பிடித்தார். உள்ளிருந்து ரூபேந்திரன் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தார். இன்னும் ஒரே நிமிடம் என்று யோகேஸ்வரி பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சடக்கின் அந்தப் பக்கமிருந்து காற்று சுழன்றடித்துத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடுங்கியது. ஒரு வாளி நீரை அள்ளி வீசியது போல மழை, அனலில் கொதித்திருந்த கண்ணாடிமேல் விழுந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கோணிப்பையிலிருந்து கல்லுப்பைக் கொட்டினால் எழுவது போன்ற ஒலி. பின்கண்ணாடி முழுவதும் ஒரு கணம் வெள்ளையாகப் பூத்து நின்றது. பிறகு ஆயிரம் மணிகளாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. பாதி வேனுக்குள்ளும் பாதி யோகேஸ்வரியின் கால்களின் மேலும் விழுந்தது. அவர் கையில் ஹீட் கன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. பிலிம் மட்டும் கிழியாமல், கண்ணாடியின் வளைவை அப்படியே வைத்துக்கொண்டு, ஈரத்தரையில் கிடந்தது.

ரூபேந்திரன் எழுந்து வந்து ஹீட் கன்னை வாங்கி அணைத்தார். மனைவியின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விரலில் மட்டும் சிறு கீறல் இருந்தது. பதினாறு ஆண்டுத் தொழிலில் யோகேஸ்வரி உடைத்த முதல் கண்ணாடி அது.

"ஹீட் கன்ன நான் புடிச்சேன்னு சொல்லிர்றேன்," என்றார் ரூபேந்திரன். "சீக்காளிகிட்ட பாய் கோவிக்க மாட்டாரு."

"பொய் சொல்லவா நாம இந்த வேலைய எடுத்தோம்?"

யோகேஸ்வரியே கைப்பேசியை எடுத்து அழைத்தார். குரல் உடையாமல் இருக்கச் சொற்களைக் குறைத்துக்கொண்டார்.

"பாய், பின்னாடிக் கண்ணாடி ஒடைஞ்சிருச்சி. நான்தான் ஒடைச்சேன்."

"கையில பட்டுச்சா?" என்று கேட்டார் பாய். இல்லை என்றதும், வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இருபது நிமிடத்தில் மருமகனின் மோட்டார் சைக்கிளில், மழைச்சட்டையும் கையில் ஒரு பையுமாக வந்தார். பைக்குள் உளுந்து வடையும், பிளாஸ்டிக் பையில் கட்டிய சூடான தேநீரும் இருந்தன. உடைந்த கண்ணாடியைப் பார்க்குமுன் பையை மேசைமேல் வைத்து, சாப்பிடச் சொன்னார். அதன் பிறகே வேனின் பின்பக்கம் போய், சட்டத்தில் ஒட்டியிருந்த இரண்டு மூன்று கண்ணாடி மணிகளைத் தட்டிவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டார்.

"கண்ணாடிதானலா. போனாப் போவுது. நாளைக்கு ஒம்போது மணி, அத மட்டும் பாப்போம்."

ஆனால் அந்த ஒன்பது மணிதான் இடித்தது. ஞாயிறு மாலையில் கண்ணாடிக் கடை எதுவும் திறந்திருக்காது. திறந்திருந்தாலும் அத்தனை பழைய வேனுக்குக் கண்ணாடி கையிருப்பில் இராது. வரவழைக்க நான்கைந்து நாளாகும். கார்களில் ஏற்றிப் போகலாம் என்றால், ராஜம்மா அக்கா இடுப்பெலும்பு முறிந்தவர். அவரைச் சக்கர நாற்காலியோடு வேனின் பின்கதவு வழியாகத்தான் ஏற்ற முடியும். கண்ணாடி இல்லாமல் ஓட்டலாம் என்றால், அவர் கழுத்தில் சுத்திகரிப்புக்கான குழாய் செருகியிருக்கிறார்கள். அதில் தூசியோ மழைநீரோ படவே கூடாது என்று நிலையத்துத் தாதி ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். பலகை அடிக்கலாம் என்றார் ரூபேந்திரன். பாய் வேண்டாமென்று தலையசைத்தார். முன்பு ஒருமுறை கதவு சரியாக மூடாத நாளில் இடுக்கு வழியே வண்டிப் புகை உள்ளே புகுந்து, பாதி வழியில் அனைவரும் வாந்தி எடுத்ததை நினைவூட்டினார்.

ஒருநாள் போகாமல் இருந்தால் என்ன என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. ரூபேந்திரன் இரண்டு நாள் நீரைச் சுமந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபின் கேட்க வேண்டியிருக்கவில்லை.

யோகேஸ்வரி பயன்படுத்தும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஜொகூர் மாநிலத்தில் டின்டட் வேலை செய்யும் நாற்பது ஐம்பது பேர் அதில் இருக்கிறார்கள். ஒட்டி முடித்த பளபளக்கும் கார்களின் படங்களைத் தவிர வேறெதையும் அங்கே ஒருவரும் போடுவதில்லை. யோகேஸ்வரியின் ஒரே துண்டுப் பின்கண்ணாடிகளுக்கு அங்கே நல்ல பெயர். ஆதலால் அந்தக் குழுவில் அவர் எழுதத் தொடங்கியபோது விரல்கள் மூன்றுமுறை நின்றன. "இன்று ஒரு வேனின் பின்கண்ணாடியை என் அவசரத்தால் உடைத்துவிட்டேன். நாளை காலை நான்கு சிறுநீரக நோயாளிகள் அதில் போக வேண்டும்; பலகை அடித்தால் புகை புகுந்து வாந்தி எடுப்பார்கள். யாரிடமாவது இதே வேனின் கண்ணாடி இருக்குமா?" என்று எழுதி, சட்டத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினார். அனுப்பியதும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

சிறிது நேரத்தில் அது ஓயாமல் அதிரத் தொடங்கியது. ரூபேந்திரன் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். பத்து பஹாட்காரர் ஒருவர், தாம் ஒரு மருத்துவரின் கார்க் கண்ணாடியை உடைத்ததாகவும் அதை இதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை என்றும் எழுதியிருந்தார். மூவாரில் ஒருவர் இரண்டு. குளுவாங்கில் யோகேஸ்வரிக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த சீனத் தௌக்கே, அந்தக் கடை முதலாளி, நான்கு. அதில் ஒன்று தம் சொந்தக் கார் என்று சிரிப்புப் படம் போட்டிருந்தார். அரை மணி நேரத்தில் பதினொரு பேர் தங்கள் உடைந்த கண்ணாடிகளை அங்கே கொட்டிவிட்டார்கள்.

"அலமாக், ஒரு லாரி கண்ணாடி ஒடைச்சிருக்கானுங்க," என்றார் ரூபேந்திரன். "வெளிய தெரியாம எப்டி நடந்துக்கிறானுங்க பாரு."

யோகேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வடையை எடுத்துக் கடித்தார்.

ஆனால் கண்ணாடி ஒருவரிடமும் இல்லை. நான்கரை மணிக்குச் சிகாமட் ஜெயபாலனிடமிருந்து ஒரே வரி வந்தது. கண்ணாடி பசையால் ஒட்டியதா, ரப்பர் பட்டையில் செருகியதா என்று கேட்டிருந்தார். ரப்பர் என்று யோகேஸ்வரி பதில் எழுதினார். அதன்பின் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஐந்தரை மணிக்கு மழை விட்டிருந்தது. ஒரு சிறிய சிவப்புக் கார் கடைமுன் வந்து நின்றது. ஜெயபாலன் இறங்கினார். முப்பத்தைந்து வயது, பருத்த உடம்பு, சட்டை முழுவதும் சவர்க்கார நீர். பின்னிருக்கையில் தடித்த போர்வையால் சுற்றி, குழந்தையைப் படுக்க வைத்தது போல ஒரு கண்ணாடியைப் படுக்க வைத்திருந்தார்.

"எங்கருந்து தம்பி கெடைச்சிச்சி?" என்றார் யோகேஸ்வரி.

"என் வேன்லருந்துதான். அதே மாடல்லா. கழட்டிட்டு, வைஃப் காடிய எடுத்துக்கிட்டு வந்தேன்."

"அப்ப ஒங்க வேலைக்கு?"

"எனக்கென்னா, பிலிம் ரோலத்தானே ஏத்துறேன். ரோலுக்குப் புகை அடிச்சா வாந்தி வராது. புதுக் கண்ணாடி வர்ற வரைக்கும் பலகை அடிச்சி ஓட்டிக்கிறேன்." பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னார்: "சிகாமட்ல வெள்ளம் வந்தப்ப என் கடை ரோலெல்லாம் தண்ணியில போச்சி. யாரும் கேக்காமலே நீங்க ரெண்டு ரோல் அனுப்புனீங்க. கூடவே ஒரு சீட்டு. 'இனிமேலாச்சும் ஒரே துண்டா ஒட்டக் கத்துக்குங்க'ன்னு. ரோலு எப்பவோ தீந்துபோச்சிக்கா. சீட்டுதான் இன்னும் சுவத்துல ஒட்டியிருக்கு."

பாய் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். யோகேஸ்வரி முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தெளிப்பானைத் தேடினார்.

பொழுது சாயுமுன் முடிக்க வேண்டிய வேலை. முதலில் நால்வரும் சேர்ந்து வேனுக்குள் சிதறிய மணிகளைப் பெருக்கி, தூசி உறிஞ்சியால் இருக்கைகளின் இடுக்குவரை எடுத்தார்கள். பிறகு ஜெயபாலன் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பட்டையை மாட்டி, பட்டையின் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிவர ஓடவிட்டார். கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்டி அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றைச் சிறிது சிறிதாக உருவ வேண்டும். கயிறு வெளிவரும்போது ரப்பரின் உதட்டை இரும்புச் சட்டத்தின்மேல் மடித்துவிட்டு வரும். வெளியே ஜெயபாலன் நின்றார். பாய் மேல்விளிம்பைத் தாங்கினார். யோகேஸ்வரி வேனுக்குள் மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்தார். சுத்திகரிப்பு ஊசி ஏறும் இடக்கையால் ரூபேந்திரன் கனமான எதையும் தூக்கக்கூடாது. அவர் வலக்கையில் தெளிப்பானை வைத்துக்கொண்டு, ரப்பர் வழுக்குவதற்காகச் சவர்க்கார நீரைத் தெளித்தபடி நின்றார்.

"எனக்குத் தெளிக்காதலா, ரப்பருக்குத் தெளி," என்றார் பாய்.

"ரெண்டும் ஒரே வயசுதான பாய், எது எதுன்னு தெரியல."

இருமுறை மேல்மூலையில் ரப்பர் வெளியே நழுவியது. மூன்றாம் முறை யோகேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். கண்ணாடி ஒரு சிறு குலுக்கலோடு தன் இடத்தில் அமர்ந்தது. ஜெயபாலன் குழாய்நீரை அதன்மேல் பாய்ச்சினார். உள்ளே ஒரு சொட்டும் கசியவில்லை.

அதன்பிறகே யோகேஸ்வரி அந்தக் கண்ணாடியைத் தொழிற்கண்ணோடு பார்த்தார். அதில் ஏற்கெனவே பிலிம் ஒட்டியிருந்தது. வெளுத்த நிறச் செராமிக்தான். ஜெயபாலன் தம் வேனுக்குத் தாமே ஒட்டியது.

"உரிச்சிட்டு ஒங்க பிலிம ஒட்டிக்குங்கக்கா," என்றார் ஜெயபாலன் தரையைப் பார்த்துக்கொண்டு. "என்னோடது மூணு துண்டு."

யோகேஸ்வரி நகத்தைக் கண்ணாடியின்மேல் வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தார். நின்று, வெளிச்சத்துக்கு எதிராகக் குனிந்து பார்த்தார். மறுபடி இழுத்தார். எந்த இடத்திலும் நகம் தடுக்கவில்லை.

"எங்க தம்பி ஒட்டு?"

ஜெயபாலன் இரண்டு கம்பிக் கோடுகளைத் தொட்டுக் காட்டினார். காட்டியபின்னும் அது தெரியவில்லை. ரூபேந்திரன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்," என்றார் யோகேஸ்வரி. "இதுவே இருக்கட்டும். நீங்க ஊருக்குப் போனதும் அந்தச் சீட்டக் கிழிச்சிப் போட்ருங்க."

"அது முடியாதுக்கா. அதப் பாத்துத்தான் இவ்ளோ சுத்தமா ஒட்டப் பழகுனேன்."

திங்கட்கிழமை யோகேஸ்வரி கடையைத் திறக்கவில்லை. ரப்பர் எங்காவது நெகிழ்ந்துவிடுமோ என்ற கவலையில் தாமும் வேனில் ஏறிக்கொண்டார். மூன்று ஆண்டுகளில் அவர் அந்த வேனில் போவது அதுவே முதல் முறை. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ராஜம்மா அக்காவின் சக்கர நாற்காலி பின்கதவு வழியாக ஏறியது. அவருக்கு நடந்தது அனைத்தும் அதற்குள் தெரிந்திருந்தது. சாஆவில் அதற்கு ஓர் இரவு போதும்.

"ஏம்மா, ஒடைச்சிட்டு ஒட்டுனாத்தான் குளிரா இருக்குமோ?"

"ஆமாக்கா. அதான் புது முறை."

"அப்ப என் இடுப்பு எப்பவோ குளுந்திருக்கணுமே," என்றார் ராஜம்மா. பிரேமலா என்ற இளம் ஆசிரியையும், வயதான சீன முடிதிருத்துநர் ஒருவரும் ஊருக்குள்ளேயே ஏறிக்கொண்டார்கள். பத்தேகாலுக்கு வேன் குளுவாங்கை அடைந்தது. ரூபேந்திரனை எடைபார்த்த தாதி புருவத்தை உயர்த்தி, இன்று மூன்று கிலோ எடுக்க வேண்டும் என்று கடிந்துகொண்டார். அந்தக் கடிதலைக் கேட்கக் கிடைத்ததற்கே யோகேஸ்வரி கைகூப்பினார். தாதிக்கு அது ஏனென்று புரியவில்லை.

மாலை நான்கு மணிக்கு வேன் குளுவாங்கிலிருந்து புறப்பட்டது. மழையின் அடையாளமே இல்லாத வெயில். பாலோவைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. சூரியன் இடப்பக்கம் வந்து, செம்பனை வரிசைகளுக்கு மேலாக நேரே உள்ளே பார்த்தது. யோகேஸ்வரி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். வெளிச்சம் முழுவதும் கையின்மேல் இருந்தது; சூடு இல்லை. இதைக் கணவரிடம் சொல்லத் திரும்பினார். ரூபேந்திரன் தூங்கிக்கொண்டிருந்தார். தலை மெல்லச் சரிந்து வந்து மனைவியின் தோளில் சாய்ந்தது. யோகேஸ்வரி திரும்பிப் பின்னால் பார்த்தார். ராஜம்மா அக்கா வாயைச் சற்றுத் திறந்தபடி தூங்கினார். பிரேமலாவும் தூங்கிவிட்டார். முடிதிருத்துநர் மெலிதாகக் குறட்டை விட்டார். பாய் பின்பார்வைக் கண்ணாடியில் இவையனைத்தையும் பார்த்துவிட்டு, வானொலியை நிறுத்தினார். குண்டும் குழியுமான இடங்களில், பிரேக்கைத் தொடுவதே தெரியாமல் ஓட்டினார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்பாக வேன் டின்டட் கடையின் முன்னால் வந்து நின்றது. பாய் எஞ்சினை அணைக்கவில்லை. குளிர்காற்று ஓடிக்கொண்டிருந்தது.

"எழுப்பவா பாய்?" என்றார் யோகேஸ்வரி மெதுவாக.

"வேணாம்லா தங்கச்சி. மூணு வருசமா இவங்க யாரும் இந்த வண்டியில தூங்கி நான் பாத்ததில்ல." பாய் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

யோகேஸ்வரி தோளைச் சற்றுத் தாழ்த்தி, கணவரின் தலைக்கு வாகாக வைத்துக்கொண்டார். வெளியே பெரிய சடக்கில் குலை ஏற்றிய லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்வந்தன. ஊர் வந்து சேர்ந்த பிறகும், வெளிச்சம் நிறைந்த அந்த வேனை விட்டு அவர்கள் ஆறு பேரும் நெடுநேரம் இறங்கவில்லை.